உதிர்ந்த பல்லும் ஒதுங்கிய கடலும்: சுறாப் பல் புதைபடிவம், ஓர் எளிய அறிமுகம்

கடற்கரையில் யாரோ பொறுக்கிய ஒரு கறுப்புப் பல்லின் படம் கைபேசிக்கு வரும். கூடவே மூன்று வரிகளும் வரும். "இங்கே ஒரு சுறா செத்திருக்கு. எவ்வளவு கறுத்திருக்கு பாருங்க, கோடிக்கணக்கான வருஷம் இருக்கும். மெகலோடான் பல்தானே?"

இந்த மூன்றில் ஒன்றுகூடப் பெரும்பாலும் தேறாது. சுறா அங்கே சாகவேண்டிய அவசியமே இல்லை. கறுப்பு நிறம் வயதைச் சொல்லாது. அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடானாக இருக்கும் வாய்ப்பும் குறைவு. சரி, பிறகு அந்தப் பல் உண்மையில் எதைச் சொல்கிறது? அதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப் போகிறோம்.

ஓயாமல் விழும் பல்

நமக்குக் கணக்கு எளிது. பால் பல் விழும், நிலைத்த பல் முளைக்கும், அதுவும் போனால் பல் டாக்டர்தான். சுறாவின் வாய்க்குள் கணக்கே வேறு. அதன் பற்கள் நம்முடையவைபோலத் தாடைக் குழிக்குள் ஊன்றி நிற்பவை அல்ல. தாடையை மூடியிருக்கும் தோல் போன்ற ஒரு பட்டையில் பிடித்துக்கொண்டிருப்பவை. முன்வரிசைப் பல்லுக்குப் பின்னால் அடுத்த பல், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று, உள்பக்கமாகச் சாய்ந்து படுத்தபடி பல வரிசைகள் காத்திருக்கும்.

நகரும் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு படி மறையும்போதே கீழே ஒரு படி எழுந்துவிடுகிறது. சுறாவின் தாடையிலும் அப்படித்தான். இரையைக் கடிக்கும்போதோ தானாகவோ முன்பல் விழும், பின்னால் இருப்பது நிமிர்ந்து முன்னுக்கு வரும். பிறந்ததிலிருந்து சாகும்வரை இது நிற்பதில்லை. சில இனங்களில் ஒரே சுறா வாழ்நாளில் 30,000 பற்கள் வரை உதிர்க்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இப்போது எலும்புக்கு வருவோம். உங்கள் காது மடலை மடித்துப் பாருங்கள். வளையும், விட்டால் திரும்பி நிமிரும். உள்ளே இருப்பது எலும்பல்ல, குருத்தெலும்பு. எலும்பைவிட மென்மையான, வளையக்கூடிய திசு. சுறாவின் எலும்புக்கூடு முழுக்கவே இந்தப் பொருள்தான். செத்த பிறகு மற்ற உயிர்கள் தின்றும் அழுகியும் அது சீக்கிரமே காணாமல் போய்விடும். சுண்ணாம்புச் சத்து ஏறிய முள்ளெலும்புகள் மட்டும் சில நேரம் தப்பிக் கிடைக்கும். முழு உடல் பதிந்த பாறை கிடைப்பதெல்லாம் அபூர்வத்திலும் அபூர்வம்.

ஆக, ஒரு பக்கம் ஆயிரக்கணக்கில் விழும் கெட்டியான பற்கள், இன்னொரு பக்கம் மிஞ்சாத உடல். கடலடி மண்ணில் பற்கள் குவிந்து கிடப்பதில் வியப்பில்லை. ஓரிடத்தில் நூறு பல் கிடைத்தால் நூறு சுறா அங்கே மாண்டதாக அர்த்தமில்லை. ஒன்றிரண்டு சுறாக்கள் சில காலம் அங்கே மேய்ந்துவிட்டுப் போயிருந்தாலே போதும்.

"கல்லாக மாறியது" என்றால் என்ன?

பழங்கால உயிரின் உடல் பாகமோ தடயமோ மண்ணுக்குள் பாதுகாக்கப்பட்டு இன்று நமக்குக் கிடைத்தால் அது புதைபடிவம். ஃபாசில் என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். "பல் கல்லாக மாறிவிட்டது" என்று சொல்வது தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்பவர் மனதில், பல் முழுக்கக் கரைந்துபோய் அந்த இடத்தில் வேறொரு கல் உட்கார்ந்துவிட்டது என்ற படம் வருகிறது. சுறாப் பல்லில் பெரும்பாலும் நடப்பது அதுவல்ல.

ஒரு செங்கல்லைத் தண்ணீர் வாளியில் போட்டால் குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். பார்க்க இறுகிய கட்டிபோல இருந்தாலும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. பல்லின் வேரும் உட்பகுதியும் அப்படிப்பட்டவை. அந்த உட்பகுதிக்கு டென்டின் என்று பெயர். உயிரோடு இருக்கும்போது அந்தத் துளைகளில் மென்மையான உயிர்ப்பொருள் இருக்கும். விழுந்த பிறகு அது அழுகி வெற்றிடம் உண்டாகும்.

அப்புறம் தண்ணீர் வேலையைத் தொடங்குகிறது. உப்புத் தண்ணீர் ஓடும் குழாயின் உட்சுவரில் வெள்ளையாகப் படிவு ஏறிக் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணுக்குள் ஊறும் நீரிலும் இரும்பு, மாங்கனீசு, பாஸ்பேட் போன்றவை கரைந்திருக்கும். அவை பல்லின் துளைகளுக்குள் மெல்ல மெல்லப் படிந்து நிரப்புகின்றன. இதற்குக் கனிமமேற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். பல்லின் சொந்தக் கனிமமும் இந்தக் காலத்தில் கொஞ்சம் திருத்தி அமைகிறது, ஆனால் முழுக்கப் போய்விடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று ஒரு பூச்சு இருக்கிறது, நம் பல்லின் எனாமல்போல. சுறாவினுடையதில் ஃபுளூரைடு கலந்த கனிமம் அதிகம். நம் பற்பசையில் ஃபுளூரைடு சேர்ப்பது எதற்கு? அமிலம் பல்லை எளிதில் கரைக்காமல் இருக்க. சுறா அந்தப் பாதுகாப்போடேயே பிறக்கிறது. இங்கே ஒரு சுவாரசியம்: அதனால் சுறாப் பல் நம் பல்லைவிடக் கடினமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மாக்கோ சுறா, புலிச்சுறா பற்களை மனிதப் பல்லோடு ஒப்பிட்டு 2012-ல் வந்த ஓர் ஆய்வில் கடினத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம் எனாமலின் பின்னல் அமைப்பு அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடுகிறது.

மேல்பூச்சு அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் பழைய வேதிச்செய்தி உள்ளே பத்திரமாகத் தங்கிவிடுகிறது. பல் உருவானபோது சுறாவின் உடல் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைக்கூட அதிலிருந்து கணக்கிட முடிகிறது. 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று இப்படித்தான், மெகலோடானின் உடல் சுற்றியிருந்த கடல்நீரைவிடச் சுமார் 7 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தது என்று கண்டது. எல்லாம் கரைந்து வேறு கல்லாகியிருந்தால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

இதுவரை வந்த கதை: சுறா பல்லை உதிர்த்தது, பல் சீக்கிரமே மண்ணில் மூடப்பட்டது, துளைகளில் கனிமம் ஏறியது, மேல்பூச்சு பெரும்பாலும் பழையபடியே நின்றது.

கறுப்பு ஏன்?

மேலே சொன்னதிலேயே விடை இருக்கிறது. துளைகளை நிரப்பியது எதுவோ, நிறமும் அதனுடையது. வெள்ளைத் துணி எந்தச் சாயத் தொட்டியில் விழுகிறதோ அந்த நிறம். இரும்பும் மாங்கனீசும் மிகுந்த படிவுகளில் கறுப்பும் சாம்பலும் வரும். மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கங்களில் கிடைக்கும் பற்கள் வெளிர் மஞ்சளாக, தேன் நிறமாக இருக்கும். அந்த வெளிர்ப் பற்களில் பல 5 கோடி ஆண்டு தாண்டியவை. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் ஒதுங்கும் கன்னங்கரிய பற்களில் பலவும் அவற்றைவிட வயதில் மிகவும் இளையவை. நிறத்தை வைத்து வயது சொல்பவரிடம் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.

வயது தெரிய முக்கிய வழி, பல் எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது என்று தெரிவதுதான்.

நாக்குக் கல்

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இந்தப் பற்களை "நாக்குக் கல்" என்றே அழைத்தார்கள். சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுபவை என்று ரோமாபுரியின் பிளினி எழுதிவைத்தார். மால்டாத் தீவில் வேறு கதை: புனித பவுல் பாம்புகளைச் சபித்தார், அவற்றின் நாக்குகள் கல்லாகிப் பாறையில் பதிந்தன. விஷமுறிவு என்று நம்பித் தாயத்தாகவும் கட்டிக்கொண்டார்கள்.

1666-ல் இத்தாலியின் லிவோர்னோ அருகே ஒரு பெரிய வெள்ளைச் சுறா பிடிபட்டது. டஸ்கனியின் கோமகன் அதன் தலையை ஃபுளோரன்சுக்கு வரவழைத்து, அங்கிருந்த டென்மார்க்காரர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் அறுத்துப் பார்க்கச் சொன்னார். வாய்க்குள் பார்த்தால், வரிசை வரிசையாக நாக்குக் கற்கள். 1667-ல் அவர் எழுதினார்: இவை சுறாப் பற்களேதான். 1616-லேயே ஃபாபியோ கொலொன்னா என்ற இத்தாலியர் இதைச் சொல்லியிருந்தார், யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஸ்டெனோ அத்தோடு விட்டிருந்தால் அது பல்லின் கதையாக மட்டும் முடிந்திருக்கும். கடல் மிருகத்தின் பல் மலைப் பாறைக்குள் எப்படிப் போனது என்று அவர் தொடர்ந்து கேட்டார். பாறை ஒரு காலத்தில் குழைந்த சேறாக இருந்திருக்க வேண்டும். சேறு அடுக்கடுக்காகப் படிந்திருக்க வேண்டும். அப்படியானால் கீழடுக்கு மேலடுக்கைவிடப் பழையது. 1669-ல் அவர் எழுதிவைத்த இந்த விதிதான் இன்றும் நிலவியல் மாணவரின் முதல் பாடம். மேலே வயதைப் பற்றிச் சொன்னேனே, அதன் அடித்தளமும் இதுவே.

கடல் எங்கே, பல் எங்கே?

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்கருகே ஷார்க்டூத் ஹில் என்று ஒரு குன்று. இன்றைய கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் அந்த மண்ணில் 1.5 கோடி ஆண்டுப் பழைமையான சுறாப் பற்கள் ஏராளம். அப்போது அங்கே கடல் உள்ளே புகுந்து ஒரு விரிகுடாவாக நின்றது. கடல்மட்டம் ஏறி இறங்கியிருக்கிறது, நிலமும் உயர்ந்தும் தாழ்ந்தும் இருக்கிறது. கரை ஒருபோதும் ஒரே இடத்தில் நின்றதில்லை. அதனால் தேடுபவர்கள் இன்றைய கடலைப் பார்ப்பதில்லை. பழைய கடலடிச் சேறு இன்று எங்கே வெளியே தெரிகிறது என்று பார்க்கிறார்கள். மேரிலாந்தின் கால்வெர்ட் செங்குத்துக் கரைகள், தெற்கு இங்கிலாந்தில் ஷெப்பித் தீவின் களிமண் கரை, புளோரிடாவின் பீஸ் ஆற்றுப் படுகை எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்.

சேறு வெளியே தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு கன மீட்டர் களிமண்ணுக்குள் இரண்டு பல் இருந்தால் யாருக்குக் கிடைக்கும்? இங்கேதான் அலையும் ஆறும் நமக்காக உழைக்கின்றன. முறத்தில் புடைக்கும்போது உமி பறந்துவிடும், கனமானது தங்கும். அலை கரையை அரிக்கும்போதும் இதேதான். மென்மையான களிமண் கலங்கிக் கரைந்து போகிறது, மணல் நகர்ந்து போகிறது. பல்லின் கனிமம் சாதாரண மணலைவிட அடர்த்தி அதிகம். மணல் தண்ணீரைப்போல 2.6 மடங்கு கனம் என்றால் இது 3 மடங்குக்கும் மேல். அதனால் பல் பின்தங்கி, கூழாங்கற்களோடு ஒரே பட்டையாகச் சேர்ந்துவிடும். பல நூறு ஆண்டு மண்ணில் பரவிக் கிடந்தது ஒரு சாண் அகலத்தில் குவிந்து கிடக்கும்.

இதில் ஒரு பொறியும் உண்டு. பழைய அடுக்கிலிருந்து அரித்து வந்த பல் புதிய மண்ணில் மறுபடி புதையலாம். அதை எடுப்பவர் புதிய மண்ணின் வயதைப் பல்லுக்கும் கொடுத்துவிடுவார்.

ஒரு பல்லைக் கையில் வைத்துக்கொண்டு

என் மேசையில் இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு செ.மீ. நீளம், சாம்பல் நிறம். மேலே கூர்மையான, ஒடுங்கிய முனை. இந்தப் பளபளப்பான பகுதிதான் பல்லின் முடி, அதாவது கிரீடம். கீழே சொரசொரப்பாக, இரண்டு கால்களை விரித்து நிற்பதுபோல வேர். கால்கள் பிரியும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். உயிரோடு இருந்தபோது ரத்தநாளம் போன வழி. முடியின் அடியில் இரண்டு பக்கமும் ஊசிபோல ஒவ்வொரு குட்டி முனை. விளிம்பில் விரலை ஓட்டினால் வழுவழுப்பு, ரம்பப் பல் கிடையாது.

இந்த அங்க அடையாளத்தை வைத்து இது சாண்ட் டைகர் வகைச் சுறா என்று ஊகிக்கலாம். ஒடுங்கிய ஊசிப் பல் எதற்கு? வழுக்கும் மீனைக் குத்திப் பிடிக்க. இதுவே அகன்ற முக்கோணமாக, விளிம்பெல்லாம் ரம்பமாக இருந்தால் பெரிய இரையைச் சதையோடு அறுத்தெடுக்கும் சுறா. புலிச்சுறாவின் பல் ஒரு பக்கம் சாய்ந்து சேவல் கொண்டைபோல இருக்கும். தட்டையாக, அம்மிக்கல்போல இருந்தால் சிப்பியையும் நண்டையும் நொறுக்கித் தின்ற உயிர். அது சுறாவாக இல்லாமல் திருக்கையாகவும் இருக்கலாம். கத்தி எது, ஊசி எது என்று பார்த்தே அது எதற்கு ஆனது என்று சொல்வதுபோலத்தான் இதுவும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே சுறாவின் வாயிலேயே முன்பல் ஒரு வடிவம், ஓரத்துப் பல் இன்னொரு வடிவம்; மேல்தாடை வேறு, கீழ்த்தாடை வேறு. புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே சுறாவின் பற்களை நான்கு இனமாகப் பிரித்துவைப்பது வழக்கம். நானும் செய்திருக்கிறேன்.

மெகலோடான் பேச்சு

இந்த விஷயத்தில் மிக அதிகமாகப் புழங்கும் பெயர், மிக அதிகமாகக் குழப்பப்படுவதும் அதுதான். மெகலோடான் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி ஏறக்குறைய 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டன, ஆகையால் இரண்டும் சந்தித்துக்கொண்டதே இல்லை. அதன் மிகப்பெரிய பற்கள் சுமார் 18 செ.மீ., உள்ளங்கையை மறைக்கும் அளவு. முழு உடல் இதுவரை கிடைக்காததால் நீளத்தைப் பல்லையும் சில முள்ளெலும்புகளையும் கொண்டுதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 15 மீட்டர் என்பாரும் உண்டு, 24 மீட்டர் என்பாரும் உண்டு.

பெரிய வெள்ளைச் சுறா அதன் வாரிசு என்று முன்பு நம்பினார்கள். இன்று பெரும்பாலோர் ஏற்பது, வெள்ளைச் சுறா மாக்கோ வழிச் சொந்தம் என்பதை. மெகலோடான் தனிக் குடும்பம். இதை நிறுவியதும் பற்கள்தான். 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அதன் மூதாதையரின் பல்லில் விளிம்பு வழுவழுப்பு, பக்கவாட்டில் குட்டி முனைகள். காலம் நகர நகர விளிம்பில் ரம்பம் வருகிறது, குட்டி முனைகள் சிறுத்து மறைகின்றன, கடைசியில் மெகலோடானின் அகன்ற முக்கோணம். வரிசையாக அடுக்கிவைத்தால் குடும்ப ஆல்பம் புரட்டுவது போலிருக்கும்.

"இன்னும் ஆழ்கடலில் உயிரோடு இருக்கிறது" என்ற கதைக்கும் ஒரு பல்தான் வேர். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் பசிபிக் அடியிலிருந்து மெகலோடான் பற்களை அள்ளி வந்தது. அவற்றின் மேல் மாங்கனீசு ஓடு படிந்திருந்தது. அந்த ஓடு வளரும் வேகத்தைக் கணக்கிட்டு, பற்களுக்கு வயது 11,000-மும் 24,000-மும்தான் என்று 1959-ல் ஒருவர் எழுதினார். அவ்வளவுதான், கதை பற்றிக்கொண்டது. ஆனால் அந்த ஓடு ஒரே சீராக வளர்வதில்லை, இடையில் நின்றும் போகும். ஆழ்கடலில் மண் படிவதோ மிக மிக மெதுவாக. லட்சக்கணக்கான ஆண்டுப் பழைய பல்லும் தரைமேலேயே கிடக்கும். ஓட்டின் தடிமன் பல்லின் வயதல்ல. உயிரோடு இருந்தால் ஓயாமல் உதிரும் வெள்ளைப் பல் எங்காவது வலையில் வந்திருக்க வேண்டுமே! வரவில்லை.

பொறுக்கப் போகிறவருக்கு

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு சல்லடை, ஒரு பை, பழகிய கண். முதல் நாள் பலருக்கும் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் அவர்கள் பல்லைத் தேடுகிறார்கள். சமச்சீரைத் தேடுங்கள். அலையில் உருண்ட கூழாங்கல் கன்னாபின்னா வடிவம். பல்லுக்கு இரண்டு பக்கமும் ஒத்த வளைவும், ஈரத்தில் தனியாகத் தெரியும் மினுமினுப்பும் உண்டு. கறுத்த சிப்பித் துண்டு நிறைய ஏமாற்றும். வேரின் சொரசொரப்பும் முடியின் வழுவழுப்பும் சேர்ந்து தெரிந்தால்தான் பல்.

புயலோ பெரிய அலையோ ஓய்ந்த மறுநாள், கடல் வற்றி உள்வாங்கும் நேரம், கூழாங்கல் பட்டை ஓரமாக நடங்கள். செங்குத்துக் கரையின் அடியில் மட்டும் நிற்காதீர்கள். கரையை அரித்துப் பல்லை வெளியே தள்ளும் அதே அலைதான் மேலே இருப்பதையும் சரியவைக்கிறது. கால்வெர்ட் கரையில் பாறைச் சரிவு ஆளைக் கொன்றிருக்கிறது. அங்குள்ள மாநிலப் பூங்காவில் குன்றின் அடியில் நடக்கவோ குன்றைத் தோண்டவோ கூடாது, கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கலாம். புளோரிடாவில் அரசு நிலத்திலிருந்து முதுகெலும்பி ஃபாசில் எடுக்க அனுமதிச்சீட்டு வேண்டும், சுறாப் பல்லுக்கு மட்டும் விலக்கு. ஊருக்கு ஊர் விதி மாறும். தனியார் நிலமென்றால் உரிமையாளரைக் கேட்காமல் கால் வைக்க வேண்டாம்.

விலைக்கு வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. பாறைத் துண்டில் அழகாக வரிசையாகப் பதிந்த "தாடை" என்று விற்பதில் பெரும்பாலானவை, தனித்தனிப் பற்களை மணலும் பசையும் குழைத்து ஒட்டியவை. பல் நிஜம், தாடை பொய். உடைந்த வேருக்குப் பிசினில் ஒட்டுப்போட்டு வண்ணம் தீட்டுவதும் நடக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் காட்டிக்கொடுக்கும்.

எடுத்ததைக் குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டால் போதும். அமிலமோ வினிகரோ வேண்டாம், வேரை அரித்துவிடும். காய்ந்ததும் முதல் வேலை, ஒரு துண்டுச் சீட்டில் இடம், தேதி, எந்த அடுக்கின் கீழே என்று எழுதி, பல்லோடு அதே பையில் போடுவது. மேலே சொன்ன என் சாம்பல் பல்லை ஆரம்ப நாளில் சீட்டில்லாமல் ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். இனத்தை ஊகிக்க முடிகிறது. 1 கோடி ஆண்டா, 5 கோடி ஆண்டா என்று கேட்டால் பதில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை.